‘குடி’ என்கிற இரண்டு எழுத்து

முதலிபாளையம், திருப்பூர்
5 நவம்பர் 2024

சுதாவுக்கு அண்ணன் தங்கதுரை எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நம்புவதைத் தவிர வழியில்லை, என் நம்பரைத்தான் பிளாக் செய்து வைத்திருக்கிறாயே. பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் பீஸ் அனுப்புகிற அதே கூரியரில் இதைப் போடுகிறேன். கனடா வரைக்கும் பனியன் போகிறது, ஒரு அண்ணனின் வார்த்தை போகக் கூடாதா?

தீபாவளி அன்று போனில் நான் அப்படி என்னதான் சொல்லிவிட்டேன்? எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்டேன். மாப்பிள்ளை கடையிலா, வீட்டிலா என்று கேட்டேன். அப்புறம், “அனுவுக்குப் பதினெட்டு முடிஞ்சு போச்சு கண்ணு, அவ உரிமையை நாம உட்டுக்குடுத்துரக் கூடாது, நீதான் மனசு வெக்கோணும்” என்றேன். படாரென்று வைத்துவிட்டாய். பக்கத்தில் இருந்த உன் அண்ணி ராணி, “வத்திப் பொட்டியாட்டம் பத்திக்கிச்சு, எந்த இடத்துல உரசுனீங்க?” என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் இங்கே என் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகப் போகிறது. அவள் அந்த ஊர்த் தொடர்பை முடித்துக்கொண்டு இந்த ஊர்ப் பெண்ணாகவே இருந்துவிட ஆசைப்படுகிறாள். வக்கீலிடம் கேட்டுவிட்டேன். ஏப்ரல் பன்னிரண்டுக்குள் காரியம் முடிய வேண்டும். அவளுடைய பிறப்புச் சான்றிதழின் அசல் உன் பீரோவில் இருக்கிறதாம், அதை அனுப்பி வை. தள்ளிப் போட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர்தான் உன்னைப் போனை வைக்கச் சொன்னாரோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. இல்லையென்றால் சந்தோஷம்.

தங்கதுரை

*

பிராம்ப்டன், கனடா
17 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

என்ன சொன்னேன் என்று என்னையே கேட்கிறீர்கள். கேட்ட கடிதத்திலேயே மறுபடியும் சொல்லியிருக்கிறீர்கள். பதினெட்டு முடிந்துவிட்டது, உரிமையை விடக் கூடாது, இந்த ஊர்ப் பெண்ணாகவே இருந்துவிடட்டும், ஏப்ரலுக்குள் காரியம் முடிய வேண்டும், வயதுக்குச் சான்றிதழ் அனுப்பு. ஐந்தையும் சேர்த்துப் படித்தால் எந்த ஊர் அம்மாவுக்கும் கல்யாணப் பத்திரிகைதான் கண்ணில் தெரியும்.

உங்கள் மகன் வேல்குமாருக்கு இருபத்துநான்கு வயது. என் மகளுக்கு அவன் முறைப்பையன். இதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? போன மாதம் அண்ணி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். அனு தலை நிறைய மல்லிகைப் பூவோடு நிற்கிறாள், கீழே ‘எங்க ஊட்டு மருமக’. நாத்தனார் மகளையும் மருமகள் என்றுதான் சொல்வார்கள் என்பீர்கள். தெரியும். வசதியான சொல். இன்றைக்கு ஒரு பொருளில் சொல்லிவைத்து நாளைக்கு இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பையனின் முழங்கை தெரிகிறது. அது வேலுவின் முழங்கைதானே?

எனக்குப் பத்தொன்பது வயதில் குன்னத்தூரிலிருந்து நம் மாமன் தாம்பூலத் தட்டோடு வந்தார். “உரிமைப் பொண்ணு, கேக்கறதுக்கு என்ன இருக்குது” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அந்தப் பையனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்துதான் தப்பித்தேன். அப்போது அப்பாவுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றவர் நீங்கள். உரிமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டுதான் ஞாபகம் வருகிறது.

கொரோனா சமயத்தில் விமானம் நின்றுபோய், லீவுக்கு வந்த குழந்தை உங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடம், பரீட்சை என்று நீங்கள் சொல்லச் சொல்ல விட்டுவைத்தேன். சும்மாவா ஒருவர் ஐந்து வருடம் சோறு போடுவார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

சான்றிதழ் வராது. பீரோவிலும் இல்லை, பேங்க் லாக்கரில் இருக்கிறது. தேட வேண்டாம்.

ஜெயசுதா

*

முதலிபாளையம்
30 நவம்பர் 2024

சுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்ததும் வயிறு எரிந்தது. மூன்றாம் முறை ராணிக்குப் படித்துக் காட்டினேன், அவள் அடுப்படிக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை.

அம்மிணி, நான் சொன்னது குடியுரிமை! குடி-யு-ரி-மை. வக்கீல் முழுதாகச் சொன்னார், என் வாயில் பாதி விழுந்துவிட்டது. தினமும் பவர் டேபிள் தையல் மெஷின் பத்தும் ஓடுகிற சத்தத்தில் நின்று பேசுகிறவன் இலக்கணமாகவா பேசுவான்?

இப்போது விளக்கமாக எழுதுகிறேன், மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அனு அங்கே பிறந்ததால் பிறந்த அன்றைக்கே கனடாக்காரி. நீங்கள் இரண்டு பேரும் இந்தியர்கள், அவள் பிறந்ததை நம் தூதரகத்திலும் பதிந்து நம் பாஸ்போர்ட்டும் வாங்கினீர்கள். அதனால் இந்தியக்காரியும்கூட. குழந்தையாக இருக்கும் வரைக்கும் இரண்டையும் யாரும் கேட்கவில்லை. பதினெட்டு முடிந்தபிறகு நம் சட்டம் இரண்டை ஒத்துக்கொள்ளாது. ஆறு மாதத்துக்குள் கனடாவை எழுதிக் கொடுத்து விட வேண்டும். விடாவிட்டால் இந்தியா தானாகக் கழன்றுகொள்ளும். கனடாவை விட்டுவிட விண்ணப்பம் போடத்தான் அந்தச் சான்றிதழ்.

ஏன் இந்தியா வேண்டும் என்றால், கபடி. உன் மகள் தமிழ்நாடு ஜூனியர் அணியில் ரெய்டுக்குப் போகிறவள், தெரியுமா உனக்கு? பயிற்சி கொடுக்கிற சாயிரா பானு டீச்சர் வீட்டுக்கே வந்து, “இவ இந்தியா கேம்ப்புக்கு நிச்சயமுங்க, ஆனா இந்தியக் குடிமகளா இருந்தாத்தான் ஆட முடியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அனு சாப்பிடவே இல்லை.

உன் கடிதத்தைப் பற்றி வேலுவிடமும் சொன்னேன். “இந்தக் கனடாக்காரியையா நான் கட்டறது? என்ற சட்டைய எடுத்துப் போட்டுட்டு போறதுக்கே அவ மேல நான் கேஸ் போடோணும்” என்று சிரித்தான். அந்த முழங்கை அவனுடையதுதான். பூ வாங்கிக் கொண்டு வந்து கொடுத்தது நான்.

நீ சந்தேகப்பட்டாய், இனி என் முறை. விமானம் மறுபடி பறக்க ஆரம்பித்தபோது நீ அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் வேலை, யார் பார்த்துக்கொள்வது என்று நீதான் சொன்னாய். போன வருடம் மாப்பிள்ளை பெட்ரோல் பங்கோடு சேர்த்து அந்தக் கடையை எடுத்தார். அதிலிருந்து வாராவாரம் “அனு எப்ப வர்றா, அனு எப்ப வர்றா”. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். கடைக்கு ஓர் ஆள் குறைகிறது, சம்பளம் கேட்காத ஆள். அதுதானே? சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எந்த நாட்டு லேபிளைத் தைத்து அனுப்பினாலும் பனியன் நாம் தைத்ததுதான். சான்றிதழை அனுப்பு.

தங்கதுரை

*

பிராம்ப்டன்
14 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

குடி என்ற இரண்டு எழுத்தை இப்போது சேர்த்திருக்கிறீர்கள். என் கடிதம் வருவதற்கு முன்னால் எங்கே போயிருந்தது அந்தக் குடி?

ஞாயிற்றுக்கிழமை அனுவிடம் கேட்டேன். “மாமா சொல்றபடிதானுங்கம்மா” என்கிறாள். தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லக்கூட அவளுக்கு அனுமதி இல்லையா? பின்னால் யாரோ நிற்பது போலவே பேசினாள்.

கடையைப் பற்றி எழுதினீர்களே, உங்கள் கை கூசவில்லையா? பனி கொட்டும்போது கடை வாசலை மண்வெட்டியால் சுரண்டி வழி பண்ணுகிறவள் நான். என் மகளை அந்த மண்வெட்டியைத் தொடவிட மாட்டேன். அவளைக் கூப்பிடாமல் விட்டது பணம் சேர்க்கத்தான். சேர்த்தோம், கடை எடுத்தோம், இனியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டேன். தாய் மகளைக் கூப்பிட்டால் அதற்கும் உள்நோக்கம் தேடுவீர்களா?

இன்னொன்று. நானும் உங்கள் மாப்பிள்ளையும் இத்தனை வருடம் கழித்தும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறோம். இங்கே எந்த வரிசையில் எத்தனை தடவை நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். பிரசவ வலியோடு தனியாக டாக்ஸியில் போய் அவளைப் பெற்றேன், அம்மா வீட்டுக்கு வந்து பெறக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஒரு கஷ்டத்துக்குக் கிடைத்த ஒரே நல்லது, என் பெண் எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை என்பதுதான். அதைத் தூக்கி எறியச் சொல்கிறீர்கள், ஒரு விளையாட்டுக்காக. லேபிள் கதை சொன்னீர்களே, லேபிள் இல்லாத பீஸை எந்த ஊரில் வாங்குகிறார்கள்?

ஒரு முட்டி பிசகினால் கபடி முடிந்தது. அப்புறம் அவளுக்குக் கனடாவும் இருக்காது. எங்கே போவாள்? உங்கள் வீட்டில்தான் இருப்பாள். அங்கே வேலு இருப்பான், அண்ணி இருப்பார்கள், மல்லிகைப் பூ இருக்கும். நீங்கள் வாயைத் திறந்து பெண் கேட்க வேண்டிய அவசியமே வராது. இதை நீங்கள் யோசிக்கவில்லை என்றால் நம்புகிறேன். அண்ணி யோசிக்கவில்லை என்றால் நம்ப மாட்டேன்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. சிவன்மலை ஏறி முருகன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யுங்கள். வார்த்தை இதுதான்: ‘என் தங்கை மகள் அனுப்ரியாவுக்கும் என் வீட்டுக்கும் எந்த உரிமையும் இல்லை. இன்றும் இல்லை, என்றும் இல்லை.’ ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்யாண உரிமை என்று மட்டும் சொன்னால் நாளைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு வருவீர்கள். நீங்கள் பாதியை முழுங்கிப் பேசுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செய்தால் சான்றிதழ் அடுத்த கூரியரில் வரும்.

ஜெயசுதா

*

முதலிபாளையம்
6 ஜனவரி 2025

சுதாவுக்கு,

சூடம் அணைக்கச் சொல்வது திருடனை. வேட்டி கட்டி நாலு பேருக்கு வேலை கொடுக்கிற அண்ணனை இல்லை. நான் செய்ய மாட்டேன்.

ராணியைக் கேட்டேன், ஒளிக்காமல் எழுதுகிறேன். “ஆசை இல்லைன்னு சொன்னா எனக்கே வாய் புண்ணாயிரும். கூடவே வெச்சு வளத்துன புள்ளை. ஆனா அதுங்க ரெண்டும் கூடப் பொறந்ததுகளாட்டம் அடிச்சுக்குதுக, அந்த நெனப்பை எப்பவோ கழுவி ஊத்தீட்டேன்” என்றாள். மனதில் ஓடுகிற ஆசைக்கு யார் கேட் போட்டு வாட்ச்மேன் வைப்பது? நீ சந்தேகப்பட்டதில் கால்வாசி உண்மை என்று உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எடுத்துக்கொள்.

அனு படிவத்தை எல்லாம் நிரப்பி வைத்துவிட்டாள். வக்கீல், “விண்ணப்பம் ஏப்ரலுக்குள்ள போய்ச் சேர்ந்தாலாவது வாதாட எடம் இருக்குமுங்க, போடவே இல்லீன்னா ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறார். தினமும் பீஸைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிள் வரைக்கும் வந்து, “கூரியர் வந்துச்சுங்களா மாமா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நம் சண்டையை அவளிடம் நான் சொல்லவில்லை. அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்காக இல்லாவிட்டாலும் அந்த முகத்துக்காக அனுப்பு.

தங்கதுரை

*

பிராம்ப்டன்
8 பிப்ரவரி 2025

அண்ணா,

சான்றிதழ் இதோடு இருக்கிறது. அசல்தான். சத்தியம் வேண்டாம். நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள், உங்கள் வீம்பு எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு தைரியமாகக் கேட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் இவர் கடை அடைத்துவிட்டு வந்து செல்போனை என் முன்னால் நீட்டினார். சாயிரா பானு டீச்சர் இவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அனு கபடி பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் ஏறுகிறாள். நான்கு பெண்கள் அவளை அமுக்குகிறார்கள். என் கை தானாக நீண்டது, யாரையோ தள்ளிவிடுவது போல. அவள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டாள். அப்புறம் எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல், கூட்டத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். இவர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். அங்கே நீங்கள் நிற்கிறீர்கள். வேட்டி மடித்துக் கட்டி, வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை அவள் எனக்குச் சிரித்ததில்லை.

இவர் தன்னிடம் நீங்கள் தீபாவளிக்கு முன்னாலேயே குடியுரிமை என்று முழுதாகச் சொன்னதாக இப்போதுதான் சொல்கிறார். கடை அவசரத்தில் என்னிடம் சொல்ல மறந்தாராம். இரண்டு ஆண்பிள்ளைகளின் வாயை நம்பி ஒரு குடும்பம்!

எனக்குப் பயம் போகவில்லை, அண்ணா. கனடாவை விட்டபின் அவளுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் உங்கள் வீட்டில் பிள்ளையாக இருக்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அது இருக்கும்போது எந்த நாட்டை விட்டால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். போன் மட்டும் உடனே செய்யாதீர்கள், அழுதுவிடுவேன்.

சுதா

*

முதலிபாளையம்
12 பிப்ரவரி 2025

சுதாவுக்கு,

ஜெயித்துவிட்டாய். நேற்று தைப்பூசம். மலை ஏறினேன். சூடம் ஏற்றினேன். நீ எழுதி அனுப்பிய வார்த்தையை ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் சொல்லி அணைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருக்கிறது, வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அதையும் சந்தேகப்படு.

டீச்சர் போன வாரம் மறுபடி வந்தார். கேம்ப் பெயர்ப்பட்டியல் போகப் போகிறதாம். வீம்பா, பிள்ளையா என்று பார்த்தேன். பிள்ளைதான் கனமாக இருந்தாள்.

ஒரே ஒரு சங்கடம். அனு, ராணியோடு பிரசாதம் வாங்கப் போய்விட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். கூட்டத்தில் யாருக்கும் கேட்காது என்று உரக்கவே சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னாலேயே தேங்காய்ப் பழத் தட்டோடு நிற்கிறாள். “அது உங்கம்மாவுக்காகச் சொன்னது கண்ணு, வேற ஒண்ணும் இல்லை” என்றேன். “சரிங்க மாமா” என்றாள். படி இறங்கும்போது பேசவில்லை. ஏறிய களைப்பு என்று ராணி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி சாக்குச் சொல்லாதே. சான்றிதழை உடனே அனுப்பு.

தங்கதுரை

*

முதலிபாளையம்
20 ஏப்ரல் 2025

சுதாவுக்கு,

நான் போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், விஷயம் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் தாண்டிப் போயிருக்கின்றன. சான்றிதழ் மலைக்குப் போய் வந்த வாரத்திலேயே வந்துவிட்டது. சந்தோஷமாக அனுவின் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். “பத்திரமா வெச்சிருங்க மாமா” என்று திருப்பிக் கொடுத்தாள். நாளைக்குப் போடலாம், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பரீட்சை என்றாள். காய்ச்சல் என்றாள். வக்கீல் போன் செய்தபோது பாத்ரூமுக்குள் போய்விட்டாள். டீச்சர் வந்து கத்தினார், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் அதட்டியிருக்கலாம். அதட்ட வாய் வரவில்லை. எந்த உரிமையில் அதட்டுவது? சாமி முன்னால் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

போன வாரம் பன்னிரண்டாம் தேதியும் தாண்டிவிட்டது. படிவம் மேசை டிராயரில் அப்படியே இருக்கிறது, கையெழுத்து இல்லாமல்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ராணிதான் கேட்டாள். “ஏஞ்சாமி, இத்தனை நாள் ஆசைப்பட்டுட்டு கடைசீல இப்படிப் பண்ணீட்டே?” அனு சாப்பிட்ட இடத்தைத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அத்தை, அந்த ஊரை எழுதிக் குடுத்துட்டா எனக்கு அதுவும் இல்லீங்க. இந்த ஊட்டுல எனக்கு ஒண்ணும் இல்லீன்னு மாமா சாமிகிட்டச் சொல்லீட்டாருங்க. ரெண்டும் இல்லாம எங்க போறதுங்க? ஒண்ணாவது இருக்கட்டுங்க.”

அது கல்யாணத்துக்காகச் சொன்னது என்று எல்லாக் கதையையும் சொன்னேன். உன் கடிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். “தெரியுமுங்க மாமா, அம்மாவுக்காகச் சொன்னீங்க. ஆனா சொன்னீங்கல்லங்க” என்றாள். கடிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

கோயிலில் பெரியவரைக் கேட்டேன். தெரியாமல் செய்த சத்தியத்துக்கு விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டால் சாமி தள்ளுபடி செய்வாராம். வக்கீலைக் கேட்டேன். திரும்ப இந்தியக்காரி ஆக வழி இருக்கிறதாம், வருடக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் ஜூனியர் வயது தாண்டிவிடும். கேம்ப் பட்டியலில் அவள் இடத்தில் வேறு பெண் பெயர் போய்விட்டது. டீச்சர் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்.

அனுவுக்குக் கனடா பாஸ்போர்ட் எடுத்து டிக்கெட் போடுங்கள். அவளே கேட்டுக்கொண்டாள். நீ ஆசைப்பட்டதுதான். நானும் சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

தங்கதுரை

*

பிராம்ப்டன்
22 ஜூன் 2025

அண்ணா,

அனு வந்து பத்து நாளாகிறது. ஏர்போர்ட்டில் கட்டிப் பிடித்தேன், நின்றாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். கடைக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். கேட்காமல் தினமும் வந்து பெட்டிகளை அடுக்குகிறாள். நீங்கள் சொன்னது பலித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது ஜன்னல் பக்கம் போவதில்லை.

நான் எழுத வந்தது வேறு. இதை வைத்து மறுபடியும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. வந்த அன்று சமையலறை வாசலில் நின்றாள். என்ன வேண்டும் என்றேன். “ஏனுங்கம்மா, தண்ணி எடுத்துக்கட்டுங்களா?” என்றாள். விருந்தாளி மாதிரி. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கேட்கிறாள். லைட் போடட்டுமா, குளிக்கட்டுமா, ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளட்டுமா. என் வீட்டில், என் வயிற்றில் பிறந்தவள்.

உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அவளை இப்படித்தான் வைத்திருந்தீர்களா? தண்ணீருக்குக்கூடக் கேட்டுத்தான் எடுத்தாளா? ஐந்து வருடமும்?

சுதா

*

முதலிபாளையம்
3 ஜூலை 2025

சுதாவுக்கு,

உன் கடிதத்தை ராணிக்குப் படித்துக் காட்டவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். இங்கே அவள் எதையும் கேட்டு எடுத்தவள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே பிரிட்ஜைத் திறப்பாள். பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பாள், ராணி கத்துவாள். வேலுவுக்கு எடுத்து வைத்த மீன் வறுவலை நின்றபடியே தின்றுவிட்டு வெறும் தட்டை மூடி வைப்பாள். என் சட்டைப் பையில் கையை விட்டுப் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு, வாசல் கேட்டுக்கு வெளியே போனபிறகுதான் சொல்லுவாள். அவளை யாராவது திட்டாத நாள் கிடையாது.

தைப்பூசத்துக்கு மறுநாளிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தாள். முதல் தடவை கேட்டபோது ராணி சிரித்துவிட்டாள். “உன்ற ஊட்டுத் தண்ணிக்கு யாரச் சாமி கேக்கறே?” என்றாள். அனு பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான்தான் எழுந்து போய் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

தங்கதுரை